பயிற்சிப் புத்தகத்துக்கு முன்னால்

மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பாலர் பள்ளி நடத்துகிறவர்களிடம் சேர்க்கை நேரத்தில் பெற்றோர் கேட்கும் கேள்விகளில், கட்டணத்துக்கு அடுத்து வருவது ஒன்றுதான்: "எத்தனை புத்தகம் குடுப்பீங்க டீச்சர்?" தமிழுக்கு ஒன்று, மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று, கணக்குக்கு இரண்டு என்று அடுக்கினால் முகம் மலர்கிறது. இங்கே பிள்ளைகள் பூண்டு உரிப்பார்கள், தட்டு எண்ணி வைப்பார்கள், கேட்ட கதையைத் திருப்பிச் சொல்வார்கள் என்றால், "அதெல்லாம் வீட்லயே செய்யலாமே" என்று பதில் வருகிறது. செய்யலாம்தான். செய்கிறோமா என்பதில்தான் சிக்கல். நாலு முதல் ஆறு வயது வரை ஒரு பிள்ளையை முதலாம் ஆண்டுக்குத் தயார்செய்வது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டே செய்யவைக்கும் அன்றாட வீட்டு வேலை என்பது இந்தத் தொழில் எனக்குத் தந்திருக்கும் முடிவு. அந்த வேலைகளுக்குப் பிறகு வரும் பயிற்சிப் புத்தகம் பயன்படும். அவற்றுக்குப் பதிலாக வரும் புத்தகம் பெற்றோர் கட்டிய பணத்துக்கு ரசீது, அவ்வளவே.

புத்தகத்தை அரசாங்கம் கேட்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. 2010இல் அறிமுகமாகி 2017இல் திருத்தப்பட்ட தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டம் தனியார் பாலர் பள்ளிகளான தாடிக்காக்களுக்கும் பொருந்தியது. மொழித்தொடர்பு, நன்னெறியும் மனப்பாங்கும், மனிதவியல், தன்னாளுமை, உடல் வளர்ச்சியும் அழகியலும், அறிவியலும் தொழில்நுட்பமும் என்று ஆறு தூண்களை அது நாட்டியது. விளையாட்டு வழியாகக் கற்பதை வெளிப்படையாக வலியுறுத்தியது. நாளுக்கு இத்தனை பக்கம் எழுத வேண்டும் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. பக்கக் கணக்கு பிறப்பது பயத்தில். விவேகானந்தா தமிழ்ப்பள்ளிக்கோ கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளிக்கோ போகும் பிள்ளை ஏழு வயதில் மூன்று மொழிகளைச் சேர்த்துச் சுமக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிக்கிறது, நம் பிள்ளை வாசிக்கவில்லை என்றால் எந்தத் தாய்க்கும் தூக்கம் வராது. அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் ஒன்றை நினைவூட்டலாம். 2010இல் கல்வி அமைச்சு தொடங்கிய லினுஸ் திட்டம், அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் பிள்ளைகள் எட்ட வைத்த கெடு மூன்றாம் ஆண்டின் முடிவு. ஒன்பது வயது வரை அமைச்சே அவகாசம் கொடுத்திருந்தபோது, நாம் ஐந்து வயதில் வாசிக்கச் சொல்லிப் பிள்ளையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

கையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் புத்தகம் முதலில் தோற்பது கையில். மணிக்கட்டில் எட்டு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எல்லாம் குருத்தெலும்பு. ஏழு எலும்புகள் ஆறேழு வயதுக்குள் ஒவ்வொன்றாகக் கெட்டிப்படத் தொடங்கும், எட்டாவது அதற்கும் பல ஆண்டு கழித்து. இந்தச் செய்தியை எக்ஸ்ரே படத்தோடு வாட்ஸ்அப் புலனத்தில் அனுப்பி, "ஆகவே ஆறு வயதுக்கு முன் பென்சிலைத் தொடாதீர்கள்" என்று எழுதுகிறார்கள். அது மிகை. எலும்பு கெட்டிப்படுவதற்கும் எழுத்து கோணலாவதற்கும் நேரான கணக்கு கிடையாது. உண்மையான தடை தோளிலும் முழங்கையிலும் விரலிலும் உள்ள தசைகளின் கட்டுப்பாடு. தோள் உறுதியாக நிற்காத பிள்ளை விரலை மட்டும் அசைக்க முடியாமல் முழுக் கையையும் இழுத்து எழுதும், தாளைக் கிழிக்கும், இரண்டு வரியில் சோர்ந்துபோகும். தமிழ் எழுத்தோ வளைவும் சுழியும் கொண்டது. 'ஐ', 'ணை', 'ஞௌ' எழுத விரல் நுனி திசை மாறி மாறிச் சுற்ற வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளைக் கோடு கோடாக இழுத்து எழுதிவிடும் பிள்ளை, தமிழில் தடுமாறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு கிடையாது. அந்தச் சுழற்சிக்குக் கை இன்னும் பழகவில்லை.

புத்தகம் இதற்குத் தரும் மருந்து புள்ளிக் கோடு. எழுத்தைப் புள்ளியாக அச்சடித்து, அதன் மேலேயே இழுக்கச் சொல்வது. இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரின் ஜேம்ஸும் லோரா எங்கல்ஹார்ட்டும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். எழுத்தறியாத, ஐந்து வயதை ஒட்டிய பிள்ளைகளைச் சில எழுத்துகளைத் தாங்களே எழுதவும், சிலவற்றைப் புள்ளிக் கோட்டின் மேல் இழுக்கவும், சிலவற்றைத் தட்டச்சு செய்யவும் வைத்தார்கள். பிறகு அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது மூளை எப்படி இயங்குகிறது என்று ஸ்கேன் எடுத்தார்கள். வாசிப்பவர்களிடம் இயங்கும் மூளைப் பகுதிகள், பிள்ளை தானே எழுதிய எழுத்துகளைப் பார்த்தபோது மட்டுமே விழித்தன. இழுத்துப் பழகிய எழுத்துக்கும் தட்டச்சு செய்த எழுத்துக்கும் அப்படி நடக்கவில்லை. ஆய்வு சிறியது, பிள்ளைகள் பதினைந்து பேர்தான், எழுத்தும் ஆங்கிலம். இருந்தாலும் காரணம் புரிகிறது. தானே எழுதும் பிள்ளை எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்கிறது. கோணலாக வந்தாலும் அது அதன் 'அ'. புள்ளியின் மேல் போகும் பிள்ளைக்கு எடுக்க முடிவே இல்லை. நம் பழைய வழக்கத்தில் நெல்லிலும் மணலிலும் விரலால் எழுதவைத்ததில் இந்த ஒரு நன்மை இருந்தது. நம் வாசலில் இன்னொன்றும் இருக்கிறது. சிக்குக் கோலத்தில் புள்ளி உண்டு, ஆனால் கோடு புள்ளியைச் சுற்றிப் போகிறது, எந்தப் பக்கம் வளைவது என்பதைப் போடுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். தீபாவளிக்கு நு சென்ட்ரல் மாதிரிப் பேரங்காடிகளில் வண்ண அரிசிக் கோலத்தைப் பார்த்துப் படம் எடுக்கிறோம். மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்து அஞ்சு வயதுப் பிள்ளை கையில் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுக்க அடுக்குமாடி வீட்டின் நடைவழி போதும்.

மற்றபடி விரலுக்கான பாடமெல்லாம் சமையலறையில் இருக்கிறது. முருங்கைக்கீரை ஆய்வதில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பைப் பிடித்து உருவ வேண்டும், மற்ற மூன்று விரலும் மடங்கி ஒதுங்கியிருக்க வேண்டும். பென்சில் பிடிப்பதற்கும் ஏறக்குறைய இதுவே கை. பூண்டு உரிப்பதில் நகக்கண்ணுக்கும் விரல் நுனிக்கும் வேலை. சப்பாத்தி மாவு பிசைவதில் உள்ளங்கை வளைவு வலுப்படும். ஈரத்துணியைப் பிழியும்போது இரண்டு மணிக்கட்டும் எதிரெதிராகத் திரும்பும், அதையே நாளைக்கு தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறப்பதில் காணலாம். துணிக்கொடியில் கிளிப் போடுவது மூன்று விரலுக்கான பயிற்சி. ஸ்காட் சாலைப் பக்கத்துப் பூக்கடைகளில் வாங்கும் உதிரிப்பூவை நூலில் கோப்பதும் அப்படியே. தோளுக்கு மட்டும் சமையலறை போதாது. ஏற வேண்டும், தொங்க வேண்டும், தள்ள வேண்டும். ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் இருந்த காலத்து பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளுக்கு வீட்டுப் பின்புறமும் மரமும் இருந்தன. 2001இல் கேஎல் சென்ட்ரல் வந்து, அந்த வரிசை வீடுகளும் போய், இப்போது பிள்ளைகள் பதினெட்டாம் மாடியில் வளர்கிறார்கள். அவர்களுக்குச் சந்தைப்பையில் இரண்டு கிலோ வெங்காயத்தைத் தூக்கிவரும் வேலையையாவது கொடுக்கலாம். மூன்று, நாலு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேர உடலசைவு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நாம் அந்த மூன்று மணி நேரத்தையும் நாற்காலிக்கும் கைப்பேசிக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

காது இன்னும் கடினமான விஷயம். கண்ணுக்குத் தெரியாததால் அதைப் பற்றிப் பெற்றோர் கேட்பதும் இல்லை. சுவரில் 247 எழுத்து அட்டவணையை மாட்டிப் பிள்ளை ஒப்பித்தால் தமிழ் வந்துவிட்டது என்று எண்ணுகிறோம். ஆனால் ஒப்பிக்கும் பிள்ளை வாசிக்காமல் நிற்பதை இந்தத் தொழிலில் உள்ள யாவரும் அறிவார்கள். காரணம் எழுத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 'கெ' என்பதில் முதலில் கேட்கும் ஒலி க், பிறகு எ. கண்ணோ கொம்பை முதலில் பார்க்கிறது, ககரத்தைப் பிறகு. 'கொ' என்றால் குறி இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரே 'க' கல்லில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, அகலில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. மலாயில் p வேறு b வேறு என்று படிக்கும் அதே பிள்ளை தமிழில் 'பாம்பு' என்ற சொல்லில் ஒரே எழுத்தை இரண்டு ஒலியாகப் படிக்க வேண்டும். இதையெல்லாம் காதில் பிரித்துக் கேட்கப் பழகிய பிள்ளைக்கு எழுத்து தெளிவாகும். பழகாத பிள்ளை 247 படங்களை மனப்பாடம் செய்கிறது. நம் எழுத்து முறைக்கு நெருங்கிய கன்னடத்தை வைத்து பெங்களூரில் ஆய்வு செய்த சோனாலி நாக் 2007இல் காட்டியது இதுதான்: உயிர்மெய் வகை எழுத்துகளை முழுதாகப் பிடிக்க நாலாம் வகுப்பு வரைகூட ஆகிறது, தனி ஒலிகளைப் பிரித்தறியும் திறனும் மெதுவாகத்தான் வளர்கிறது. 26 எழுத்துக்கான கால அட்டவணையை அப்படியே தமிழுக்கு மாட்டிவிட்டு, பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை என்று சொல்வது அநியாயம்.

காதுக்குப் பயிற்சி நடந்துகொண்டே தரலாம். துன் சம்பந்தன் சாலையில் பழக்கடை முன்னால் நிற்கும்போது நம்மில் பலர் 'வாலப்பலம்' என்றுதான் சொல்கிறோம். வீட்டில் ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாகக் கேட்ட பிள்ளை ஏழு வயதில் சொல்வதெழுதலில் மாட்டிக்கொள்கிறது. தப்பு கண்ணில் நடந்ததாக நினைத்துப் பத்து முறை எழுதச் சொல்கிறோம், தப்பு நடந்தது காதில். கடைக்காரர் முன்னால் நிறுத்தித் திருத்த வேண்டாம், பிள்ளை கூசிப்போகும். பையில் பழத்தை வைக்கும்போது பெரியவர் தாமே ஒரு முறை நாக்கை மடித்து நிதானமாகச் சொன்னால் போதும். கடைசி எழுத்து விளையாட்டு, கைதட்டி அசை பிரிப்பது, 'ப'வில் தொடங்கும் பலகாரம் எத்தனை என்று கேட்பது, எல்லாம் கார் நெரிசலில் செய்யக்கூடியவை. பேச்சுத் தமிழிலிருந்து நூல் தமிழுக்குப் போகும் படி ஒன்று தனியாக உண்டு. வீட்டில் 'வர்றான்' கேட்ட பிள்ளை புத்தகத்தில் 'வருகிறான்' பார்க்கிறது. இதற்கு ஒரே வழி தினமும் ஒரு கதையை நூலில் உள்ளபடியே வாசித்துக் காட்டுவது, பிறகு அதையே நம் பேச்சில் பேசிக்கொள்வது. இரண்டு தமிழும் ஒரே தமிழ் என்று விளக்கிச் சொல்லாமலே பிள்ளைக்குப் பிடிபடும்.

வேலையை விட முக்கியம் வேலையோடு வரும் பேச்சு. பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி இருவரும் கன்சாஸில் 42 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து 1995இல் எழுதிய நூல், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளை நாலு வயதுக்குள் மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்ற கணக்கால் பெயர் பெற்றது. அந்தக் கணக்கை ஏழைக் குடும்பங்களின் மேல் குற்றமாக எறிகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பின்னால் டக்ளஸ் ஸ்பெர்ரியும் அவருடன் ஆய்ந்தவர்களும் பாட்டி, அக்கா, அண்டை வீட்டார் பேச்சையும் சேர்த்துப் பார்த்தபோது அவ்வளவு பெரிய பள்ளத்தைக் காணவில்லை. எனக்குப் பயன்படுவது 2018இல் ரேச்சல் ரோமியோ குழுவினர் வெளியிட்டது. நாலு முதல் ஆறு வயதுள்ள 36 பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து பார்த்ததில், பிள்ளை கேட்ட சொற்களின் எண்ணிக்கையைவிட, பெரியவரும் பிள்ளையும் மாறி மாறிப் பேசிய முறைகளே மொழித்திறனோடும் மூளையின் மொழிப் பகுதி இயக்கத்தோடும் சேர்ந்து போயின. குடும்ப வருமானத்தைக் கழித்துப் பார்த்தாலும் அப்படியே. இதை நம் வீடுகளுக்குப் பொருத்திப் பாருங்கள். எழுந்திரு, குளி, சாப்பிடு, சட்டை போடு, சீக்கிரம், படு. ஒரு வேலை நாளில் பிள்ளையிடம் நாம் பேசுவதில் பெரும்பகுதி ஏவல். ஏவலுக்குப் பிள்ளை வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை. ரசத்துக்குப் புளி கரைக்கும் பிள்ளையிடம் "தண்ணி ஏன் நிறம் மாறிச்சு?" என்றால் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலிலிருந்து நமக்கு அடுத்த கேள்வி வரும். வேலை இல்லாமல் பிள்ளையை எதிரே உட்காரவைத்து "பேசு" என்றால் யாருக்கும் பேச்சு வராது.

கணக்குக்கும் இதே நியாயம். கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் 2008இல் செய்த சோதனை என் தொழிலில் எனக்குப் பிடித்த ஆய்வுகளில் ஒன்று, அதன் எளிமைக்காக. ஒன்று முதல் பத்து வரை ஒரே வரிசையில் கட்டம் போட்ட அட்டையில் வறிய குடும்பத்துப் பாலர் பிள்ளைகளை நாலு முறை, முறைக்குக் கால்மணி நேரம் விளையாட வைத்தார்கள். எண்ணுவது, எந்த எண் பெரியது என்று சொல்வது, எண் கோட்டில் இடம் காட்டுவது எல்லாவற்றிலும் முன்னேற்றம், ஒன்பது வாரம் கழித்தும் அது நின்றது. வண்ணக் கட்டம் வைத்து விளையாடிய பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. சூட்சுமம் ஒரு சின்ன விதியில் இருக்கிறது: காயை நகர்த்தும்போது 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணாமல் கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். பரமபதம் ஆடும் வீடுகளில் இந்த ஒன்றை மாற்றினால் போதும். 24இல் நிற்கும் காய் மூன்று போனால் "25, 26, 27" என்று சொல்லவையுங்கள். பல்லாங்குழியும் சொங்காக்கும் வேறு வகையில் உதவும், கைநிறைய காயை அள்ளிக் குழிக்கு ஒன்றாகப் போடும்போது ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தம் விரலில் ஏறும். அடுக்குமாடி மின்தூக்கி செங்குத்தாக நிற்கும் எண் கோடு. மேலே போனால் எண் கூடும். நாலாம் மாடிக்கு '3A' என்று பொத்தான் போட்டிருக்கும் கட்டடங்களில் பிள்ளை கட்டாயம் கேள்வி கேட்கும். சீனர் நம்பிக்கையைச் சொல்லி, இருந்தாலும் அது எத்தனையாவது மாடி என்று எண்ணவைத்தால் வரிசை எண் பாடம் அங்கேயே முடிந்தது. கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்கு கொமுட்டரில் போகும்போது இன்னும் எத்தனை நிலையம் என்று வழித்தடப் படத்தில் கழித்துக்கொண்டே போகலாம். காசு மட்டும் வரவர இல்லாமல் போகிறது. ஒரு சென் நாணயத்தை 2008இல் கணக்கிலிருந்து ஒதுக்கினோம், இப்போது கியூஆர் படத்தைக் காட்டி எல்லாக் காசையும் ஒதுக்கிவிட்டோம். இரண்டு 20 சென்னும் ஒரு 10 சென்னும் சேர்ந்தால் 50 சென் என்பதைக் கையில் பிடித்து அறியும் வாய்ப்பு பிள்ளைக்கு இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது ரொட்டிக்கடையில் சில்லறை கொடுத்து வாங்கவையுங்கள்.

இதற்கு வரும் எதிர்ப்புகளில் முதலாவது, நேரம். புக்கிட் ராஜாவிலிருந்தோ பூச்சோங்கிலிருந்தோ விடியலில் கிளம்பி, இருட்டியபின் திரும்பும் பெற்றோரிடம் கீரை ஆயச் சொல்வது கொடுமை இல்லையா? கூடுதல் நேரம் தேவையில்லை, நடக்கும் வேலையில் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லி நழுவுவது எளிது. அது பாதி உண்மை. நாலு வயதுப் பிள்ளை சேர்ந்தால் பத்து நிமிட வேலை அரைமணி ஆகும், சிந்தியதைத் துடைக்க இன்னும் பத்து நிமிடம். இரண்டு வேலை பார்க்கும் தனித் தாயிடம் நான் இதைக் கேட்க மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு அதைப் பாலர் பள்ளிதான் கொடுக்க வேண்டும், அதனால்தான் பள்ளி நேரத்தைப் பயிற்சிப் புத்தகம் தின்பதை எதிர்க்கிறேன். மற்றவர்களுக்கு என் கணக்கு வேறு. வீட்டுப்பாடப் பக்கத்தைப் பிள்ளையை அழவைத்து முடிக்கச் செலவாகும் இரவு முக்கால்மணி நேரம் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. நான் கேட்பது அதே முக்கால்மணி. தாத்தா பாட்டி வளர்க்கும் வீடுகளில் இன்னும் எளிது, அவர்கள் கேட்கும் கேள்விகள் நம்முடையதைவிட நீளம்.

இரண்டாவது எதிர்ப்பு மொழி பற்றியது. படித்த தம்பதியர் பலர் பிள்ளை பிறந்த நாள் முதல் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்கிறார்கள், பள்ளிக்கு உதவும் என்று. தாய்மொழியில் தொடங்குவது நல்லது என்று யுனெஸ்கோ 1953லேயே அறிக்கை எழுதியது, ஆனால் கோலாலம்பூரில் எது தாய்மொழி என்பதே பல வீடுகளில் விவாதம். என் அளவுகோல் எளிது: எந்த மொழியில் உங்களால் கோபப்படவும், கிண்டல் செய்யவும், ஒரு விஷயம் ஏன் அப்படி என்று ஐந்து வாக்கியம் தொடர்ந்து விளக்கவும் முடிகிறதோ அந்த மொழியில் பிள்ளையோடு பேசுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது மலாயும் ஆங்கிலமும் தூவிய தமிழ். தூவல் இருக்கட்டும், பயமில்லை. 'டோன்ட் டச், ஹாட், கம்' என்று மூன்று சொல் ஆங்கிலத்தில் பிள்ளையை வளர்ப்பதுதான் ஆபத்து, அங்கே ஏவல் மட்டுமே இருக்கும், காரணம் இருக்காது. ஆங்கிலமே வீட்டு மொழியாகிவிட்ட குடும்பங்கள் உண்டு. அவர்கள் ஆங்கிலத்திலேயே தாராளமாகப் பேசட்டும், தமிழை ஒரு பெரியம்மாவிடமோ பள்ளியிடமோ ஒப்படைக்கட்டும். அரைகுறைத் தமிழில் ஏவுவதைவிட அது மேல்.

கனமான எதிர்ப்பு மூன்றாவது. நல்ல பாலர் கல்வி வாழ்க்கையையே மாற்றும் என்று ஆய்வுகள் சொல்லவில்லையா, வீட்டு வேலையைப் போய்ப் பெரிதாகப் பேசுகிறாயே என்பது. எல்லாரும் மேற்கோள் காட்டும் பெர்ரி பாலர் பள்ளித் திட்டம் 1962 முதல் 1967 வரை மிச்சிகனில் நடந்தது, 123 பிள்ளைகள், அதில் 58 பேருக்குப் பள்ளி. அவர்களின் பிற்காலப் படிப்பும் வருமானமும் மேம்பட்டது உண்மை. ஆனால் அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் வாரம் ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய் ஒன்றரை மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார்கள் என்பதை மேற்கோள் காட்டுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். அதற்கு எதிர்ப்பக்கத்தில் டென்னசி மாநிலம் இருக்கிறது. அங்கே குலுக்கல் முறையில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவு, ஆறாம் வகுப்பில் பாலர் பள்ளி போன பிள்ளைகளே தேர்வில் பின்தங்கினார்கள், ஒழுங்குச் சிக்கலிலும் அதிகம் மாட்டினார்கள் என்பது. கிட்டத்தட்ட 3,000 பிள்ளைகள், சாதாரண ஆய்வில்லை. ஏன் அப்படி என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்தில்லை, ஆகவே புத்தகம்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பாலர் பள்ளி என்ற பலகை மட்டும் போதாது, உள்ளே என்ன நடக்கிறது என்பதே பொருள் என்று மட்டும் சொல்வேன். நியூசிலாந்தில் செபாஸ்டியன் சகேட் குழுவினர் ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். பதினோரு வயதில் சரளத்தில் வேறுபாடில்லை. தாமதமாகத் தொடங்கியவர்களின் குடும்பங்கள் அக்கறை மிக்கவையாக இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. அந்த அக்கறை புத்தகமாக வெளிப்படாமல் வேறு எதுவாகவோ வெளிப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

அதற்காக எழுத்தே கற்றுத்தர வேண்டாம் என்று சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். "விளையாட்டு வழிக் கல்வி" என்று பலகை மாட்டிவிட்டு பிளாஸ்டிக் பொம்மைகளைக் கொட்டி ஆசிரியை மூலையில் உட்கார்ந்திருக்கும் இடங்களும் உண்டு, அவை பயிற்சிப் புத்தகப் பள்ளிகளை விட மோசம். ஆறாவது வயதில் எழுத்தை ஒழுங்காக, ஒலியோடு சேர்த்து, வரிசை வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தொடங்கிய முதல் இல்லத்திலேயே எழுத்தும் இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் துடைத்தலும் ஊற்றுதலும் பொத்தான் மாட்டுதலும் இருந்தன. 1939இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து சுமார் 300 பேருக்குப் பயிற்சி நடத்தினார், போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார், கொடைக்கானலில் பிள்ளைகளைக் கவனித்தார். நம் ஊர்களின் பித்தளைச் சொம்பையும் துடைப்பத்தையும் அவர் தம் முறைக்கு அந்நியமாகக் கருதியிருக்க முடியாது. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் அவர் பெயரில் கட்டணம் வாங்கும் சில இடங்களில் இறக்குமதி மரக் கரண்டியால் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குப் பிள்ளைகள் பருப்பு அள்ளுகிறார்கள். அதே பிள்ளை வீட்டில் பருப்பு டப்பாவைத் தொட்டால் அடி விழுகிறது.

அந்த அடிக்குப் பின்னால் இரண்டு காரணம். ஒன்று ஆபத்து. அடுப்பும் அரிவாள்மனையும் இந்த வயதுக்கு வேண்டாம், அதில் பேச்சே இல்லை. மழுங்கிய கத்தியால் வாழைப்பழம் நறுக்கலாம், குளிர்ந்த தண்ணீரில் அரிசி களையலாம், தோசை மாவைக் கலக்கலாம். கண்ணாடித் தம்ளரைத் தூக்கவைத்தால் உடையும், எவர்சில்வர் தம்ளர் உடையாது, அதில் தொடங்கலாம். இன்னொரு காரணத்தைப் பேசத் தயங்குகிறோம். நம் வீடுகளில் இந்த வேலைகள் பெண் பிள்ளையைத் தேடித்தான் போகின்றன. ஆறு வயதுச் சிறுமி தம்பிக்குத் தட்டு கழுவும் வீட்டில், அன்றாட வேலையே பாடம் என்ற என் வாதம் அவளை இன்னும் கொஞ்சம் வேலைக்காரியாக்கும், தம்பியை இன்னும் கொஞ்சம் கைவலுவில்லாதவனாக்கும். பாலர் வகுப்பில் பென்சில் பிடிக்கத் திணறுகிறவர்களில் பையன்கள் அதிகம். பூண்டு உரிக்கும் வேலையைக் கொடுப்பதென்றால் பையனிடமும் கொடுக்க வேண்டும், அவன் முடித்த பிறகுதான் கைப்பேசி என்ற ஒழுங்கும் வேண்டும். இதில் அப்பாக்கள் வாயால் சொல்வது பயன்படாது, பக்கத்தில் உட்கார்ந்து உரிக்க வேண்டும்.

ஆசிரியர்கள் பக்கம் செய்ய வேண்டியது அதிகம் இல்லை, ஆனால் துணிவு வேண்டும். அரசுப் பாலர் வகுப்பில் 25 பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர். இருபத்தைந்து பேரையும் ஒரே நேரத்தில் அமைதியாக வைத்திருக்கப் பயிற்சித்தாள் கை கொடுக்கிறது, அதை மறைப்பானேன். அதைக் காலை முதல் அரைமணிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உதவியாளரோடு எட்டு ஒன்பது பேராகப் பிரித்து வேலை மேசைகள் போடலாம். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பும் தாளில் பக்க எண்ணுக்குப் பதிலாக ஒரு வேலையும் ஒரு கேள்வியும் எழுதலாம்: "சனிக்கிழமை துணி மடிக்கும்போது காலுறைகளை ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள்; எது ஏன் ஜோடி என்று கேளுங்கள்." திங்கட்கிழமை பிள்ளை வந்து அதைச் சொல்லும்போது அதன் தமிழ், கணக்கு, நினைவு மூன்றும் தெரிந்துவிடும், தனித் தேர்வு வேண்டாம். புத்தகம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் பெற்றோருக்கு ஒரு புத்தகத்தைக் கொடுங்கள், சண்டை போட வேண்டாம், ஆனால் ஆறாவது வயதின் பிற்பாதியில் கொடுங்கள். அதுவரை கோடில்லாத பெரிய தாள் போதும். பென்சிலைப் புதிதாக நீளமாகக் கொடுக்காதீர்கள், பாதியாக்கிக் கொடுங்கள். நீளமான பென்சிலை முஷ்டியால் பிடிக்கலாம், விரல் நீளத் துண்டைப் பிடிக்க மூன்று விரல்தான் கொள்ளும்.